நான்காம் கூறு: இருதய சிகிச்சையில் தாதியரும் நியமமும்

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்துக் காட்டுகிறது. நோயுற்றவர் ஒரு கூறு. நோயைத் தீர்க்கும் மருத்துவர் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. அம்மருந்தை அருகிலிருந்து பிழையாமற் கொடுப்பவர் நான்காம் கூறு. முதல் மூன்றையும் நாம் நன்கு அறிவோம். நோயாளியைப் பார்க்கப் பழத்தோடு செல்கிறோம். எந்த டாக்டர் பார்க்கிறார் என்று விசாரிக்கிறோம். மருந்து எங்கே கிடைக்கும், என்ன விலை என்று கவலைப்படுகிறோம். நான்காமவரை மட்டும், இரவு பகலாகக் கட்டிலருகே நின்றவர் அவரேயாயினும், பெயர்கூடக் கேளாமல் வீடு திரும்பிவிடுகிறோம்.

வள்ளுவர் இவரை ‘உழைச்செல்வான்’ என்றார். பக்கத்தில் நின்று இயங்குபவர் என்பது அதன் பொருள். இக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், நான்கு கூறுகளுக்கும் தனித்தனியே நந்நான்கு இலக்கணங்களை எடுத்துரைக்கிறார். அருகிருந்து பேணுபவருக்கு அவர் விதிக்கும் இலக்கணங்கள் இவை: நோயாளியிடத்து அன்பு, மனம், மொழி, மெய் என்னும் மூன்றின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வல்லமை, அறிவு.

இந்நான்கனுள் இறுதி இரண்டையும் வாசகர்கள் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். சொல்லியவாறு செய்க என்பது ஒன்று. அறிந்து செய்க என்பது மற்றொன்று. சாதாரண வேளையில் இவ்விரண்டிற்கும் பிணக்கு இல்லை. ஆனால், சொல்லவேண்டியவர் அருகில் இல்லை, அவர் சொல்லுக்காகக் காத்திருந்தால் உயிர் போய்விடும் என்ற நிலை வந்தால், தாதி எதனைக் கைக்கொள்வது? இருதய நோய்ச் சிகிச்சையில் இக்கேள்வி எந்த நாளிலும் எந்த நாழிகையிலும் எழக்கூடியது. உலகம் அதற்குக் கண்ட விடையையும், அவ்விடை நம் குடாநாட்டிற்கு எவ்வாறு பொருந்தும் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சில நிமிடங்களின் கணக்கு

இலங்கையின் வைத்தியசாலைகளில் நிகழும் மரணங்களுக்குக் காரணமான நோய்களுள் முதலிடத்தில் நிற்பது இருதய நாடிகள் அடைபடும் நோய். இருதயம் உடலெங்கும் குருதியைச் செலுத்துகிறதாயினும், தனக்கு வேண்டிய குருதியைத் தன் மேற்புறத்திற் படர்ந்துள்ள முடியுருநாடிகள் வழியாகவே பெறுகிறது. அந்நாடிகளின் உட்சுவரில் ஆண்டுக்கணக்காகக் கொழுப்புப் படிகிறது. ஒருநாள் அப்படிவு வெடித்து, அதன்மேற் குருதி உறைந்து கட்டியாகி வழியை அடைத்துவிட்டால், அந்நாடியை நம்பியிருந்த தசை மடியத் தொடங்கும். இதுவே மாரடைப்பு.

நெஞ்சுநோவோடு அபாயம் முடிவதில்லை. மாரடைப்பு நேர்ந்த முதற் சில மணி நேரத்தில், குருதி குறைந்த தசையில் மின்னோட்டம் தாறுமாறாகலாம். அப்போது இருதயம் ஒழுங்காகச் சுருங்கி விரிவதை விட்டு, காற்றில் அரசிலை நடுங்குவதுபோல் வெறுமனே நடுங்கும். குருதி சிறிதும் வெளியே செல்லாது. பேசிக்கொண்டிருந்த நோயாளி பேச்சின் நடுவிலேயே நினைவிழப்பார். நான்கைந்து நிமிடங்கள் கழிந்தால் மூளை பழுதடையத் தொடங்கும். மார்பை அழுத்திக் குருதியை ஓடச்செய்து, மின்னதிர்ச்சி கொடுத்து அந்நடுக்கத்தை நிறுத்தினால், இருதயம் மீண்டும் தன் ஒழுங்கிற்கு வருதல் கூடும். மார்பை அழுத்துவாரும் இன்றி, மின்னதிர்ச்சியும் தாமதமானால், கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைத்துவிடும் என்று வைத்திய நூலோர் கணித்திருக்கின்றனர்.

இக்கணக்கை மனத்திற்கொண்டு, நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒரு வாட்டை எண்ணிப்பாருங்கள். டாக்டர் வேறொரு வாட்டில் வேறொரு நோயாளியோடு போராடிக்கொண்டிருக்கிறார். அழைப்பு அவருக்குப் போய்ச் சேரவேண்டும்; அவர் படியிறங்கி, முற்றங் கடந்து, படியேறி வரவேண்டும். நான்கு நிமிடம் எம்மாத்திரம்! அந்நான்கு நிமிடத்தில் நோயாளியின் அருகே நிற்பவர் தாதி ஒருவரே.

கருவியும் கையும்

ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்னர், மாரடைப்பு நோயாளரை வாரக்கணக்காகப் படுக்கையில் அசையாமற் கிடத்துவதே முதன்மையான சிகிச்சையாக இருந்தது. வைத்தியசாலையை வந்தடைந்தவர்களிலும் நூற்றுக்கு முப்பது பேரளவில் அங்கேயே இறந்தனர். அக்காலத்திற் கருவிகள் இல்லாமலில்லை. இருதயத்தின் மின்னோட்டத்தைத் தாளில் வரையும் கருவியைக் கண்ட ஐந்தோவன் 1924 ஆம் ஆண்டிலேயே நோபெல் பரிசு பெற்றுவிட்டார். 1947 இல் கிளீவ்லண்ட் நகரத்துச் சத்திர வைத்தியர் குளோட் பெக், சத்திர சிகிச்சையின்போது நின்றுவிட்ட ஒரு சிறுவனின் இருதயத்தை மின்னதிர்ச்சியால் மீட்டார். 1956 இல் பொஸ்டன் நகரத்துப் போல் சோல், நெஞ்சைத் திறவாமல் வெளியிலிருந்தே மின்னதிர்ச்சி கொடுத்து வெற்றி கண்டார். 1960 இல் பல்ற்றிமோர் நகரத்தில் கூவன்கோவன், ஜூட், நிக்கர்பொக்கர் என்னும் மூவர், மூடிய மார்பின்மேற் கைகளால் அழுத்தியே குருதியை ஓட்டலாம் என்று நிறுவினர். இரண்டு கைகள் இருந்தாற் போதும், எவரும் எவ்விடத்தும் இதனைத் தொடங்கலாம் என்பது அவர்கள் உலகிற்குச் சொன்ன செய்தி.

ஆயினும், கைகள் வேண்டிய இடத்தில், வேண்டிய நிமிடத்தில் இருக்கவில்லை. இக்குறையை எடுத்துக் காட்டியவர் எடின்பரோ நகரத்து இளம் வைத்தியர் டெஸ்மன்ட் ஜூலியன். 1961 இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் மாரடைப்பு நோயாளரை ஒரே பிரிவில் ஒன்றுசேர்த்தல் வேண்டும், அவர்தம் இருதய ஓட்டத்தை இடையறாது கருவியாற் கண்காணித்தல் வேண்டும் என்றார். அவற்றோடு நில்லாமல், டாக்டர் இல்லாத வேளையில் உயிர்மீட்புச் சிகிச்சையைத் தாதியே தொடங்குவதற்குப் பயிற்சியும் அதிகாரமும் அளித்தல் வேண்டும் என்றும் வற்புறுத்தினார். முன்னவை கட்டடத்தையும் கருவியையும் பற்றியன. இறுதியில் அவர் சொன்னதோ மனிதரைப் பற்றியது. அக்காலத்து வைத்தியர் பலருக்கும் அதுவே ஏற்பதற்கு அரிதாயிருந்தது.

1962 இல் கான்சஸ் நகரத்தில் ஹியூலற் டே என்னும் வைத்தியர் இத்தகைய பிரிவொன்றைத் திறந்தார். அதே காலத்தில் பிலதெல்பியா நகரத்துப் பிரெஸ்பிற்றேரியன் வைத்தியசாலையில், லோறன்ஸ் மெல்ற்சர் என்ற வைத்தியரும் றோஸ் பினியோ என்ற தாதியும் சேர்ந்து மற்றொரு பிரிவை அமைத்தனர். இவ்விருவர் செய்த வேலையே நம் பொருளுக்கு நடுநாயகமானது. இப்பிரிவு உயிர்களைக் காக்குமா காவாதா என்பது தாதியரைப் பொறுத்தது என்று அவர்கள் துணிந்தனர். ஆகவே, இருதய மின்வரைபை வாசிக்கவும், ஆபத்தான ஓட்டத்தை அது தொடங்கும்போதே இனங்காணவும், வேண்டுமாயின் எவர் உத்தரவுக்கும் காத்திராமல் மின்னதிர்ச்சி கொடுக்கவும் தாதியரைப் பயிற்றினர். எந்நிலையில் எதைச் செய்யலாம், எதைச் செய்தலாகாது என்பதை வரையறுத்தனர். மெல்ற்சர், பினியோ, கிச்செல் ஆகிய மூவரும் சேர்ந்து தாதியருக்கென்றே எழுதிய கைந்நூல் 1965 இல் வெளிவந்து பல நாடுகளுக்கும் வழிகாட்டியாயிற்று. வைத்தியரும் தாதியும் ஒரு நூலின் ஆசிரியராகச் சமமாக அமர்ந்தது, அன்றைய நிலையில் சிறிய செய்தி அன்று.

பயன் என்ன? நியூயோர்க் நகரத்தில் கில்லிப், கிம்பல் என்னும் இருவர் இத்தகைய பிரிவொன்றிற் சிகிச்சை பெற்ற 250 நோயாளரின் வரலாற்றை 1967 இல் வெளியிட்டனர். குருதியழுத்தம் வீழ்ந்து அதிர்ச்சி நிலையை அடைந்தவர்களை நீக்கிப் பார்த்தால், ஏனையோரிடையே மரணம் நூற்றுக்கு 26 என்ற அளவிலிருந்து ஏழாகக் குறைந்திருந்தது. அதே ஆய்வில் அவர்கள் நோயாளரை நான்கு படிகளாகவும் வகுத்தனர். நுரையீரலில் நீர்கோத்த ஓசை கேட்கிறதா, மூச்சுத் திணறுகிறதா, கைகால் குளிர்ந்து குருதியழுத்தம் வீழ்ந்துவிட்டதா என்று காதாலும் கண்ணாலும் விரலாலும் அறியத்தக்க படிகள் அவை. பெருங் கருவி எதுவும் வேண்டா. கட்டிலருகே நிற்பவருக்கு அறிவு வேண்டும்.

1969 இல் அமெரிக்க இருதயத் தாதியர் தமக்கென ஒரு சங்கம் நிறுவினர். பின்னர் அது பெயர் மாற்றம் பெற்று, ஆபத்தான நிலையிலுள்ள எல்லா நோயாளரையும் பேணும் தாதியரின் சங்கமாக விரிந்தது. தம் தொழிலின் நியமத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் முயற்சி அவ்வாறு வேரூன்றியது.

நியமம் என்பது யாது?

நியமம் என்றால் வாட்டுச் சுவரில் தொங்கும் ஒழுக்க விதி என்று எண்ணிவிடலாகாது. இன்னது நிகழ்ந்தால், இன்னார், இத்தனை நிமிடத்துள், இன்னதைச் செய்க என்று முன்கூட்டியே எழுதி, அறிந்தோர் கூடி உடன்பட்டு, செய்வோரைப் பயிற்றி, செய்ததைப் பின்னர் சோதிப்பதே நியமம்.

ஓர் உதாரணம் காண்போம். நெஞ்சுநோவோடு ஒருவர் வருகிறார். வந்து பத்து நிமிடத்துள் அவருக்கு ஈ.சி.ஜி. எடுத்தல் வேண்டும் என்பது இன்று உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. எடுப்பது யார்? எடுத்ததை முதலில் வாசிப்பது யார்? நாடி அடைபட்டதற்கான அறிகுறி தெரிந்தால் யாருக்கு, எவ்வழியாக அறிவிப்பது? அஸ்பிரின் குளிசையைச் சப்பக் கொடுக்குமுன் கேட்கவேண்டிய கேள்விகள் எவை? இவற்றுக்கெல்லாம் விடை முன்னரே எழுதப்பட்டிருந்தால் பத்து நிமிடம் போதும். எழுதப்படாவிட்டால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதிலேயே அரை மணி கழிந்துவிடும்.

அந்த அரை மணியின் விலையை 1988 இல் வெளிவந்த ஒரு பேராய்வு காட்டிற்று. 17,187 நோயாளரைக் கொண்டு நிகழ்ந்த அவ்வாய்வில், அஸ்பிரின் மாத்திரமே மரணங்களை ஐந்திலொரு பங்குக்கு மேலாகக் குறைத்தது. குருதிக்கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. எவ்வளவு விரைவிற் கொடுக்கிறோமோ அவ்வளவுக்குத் தசை பிழைக்கும். இதனை உணர்ந்த இங்கிலாந்து அரசு, 2000 ஆம் ஆண்டில் இருதய நோய்க்கெனப் பன்னிரண்டு நியமங்களை வகுத்தது. உதவிக்கு அழைத்த நேரத்திலிருந்து அறுபது நிமிடத்துள் அவ்வூசி ஏற்றப்படல் வேண்டும் என்பது அதன்கண் ஒரு குறிக்கோள். அதனை எட்டுவதற்காகப் பல வைத்தியசாலைகளில் பயிற்சி பெற்ற தாதியரே நோயாளியை ஆராய்ந்து அவ்வூசியைத் தொடங்கும் வழக்கம் ஏற்பட்டது.

இப்போது பரிமேலழகரிடம் மீள்வோம். சொல்லியவாறு செய்தலுக்கும் அறிவுக்கும் இடையே எழுந்த பிணக்கை நியமம் தீர்த்துவைக்கிறது. சொல்லவேண்டியவர்கள், சொல்லவேண்டியதை, நிதானமான வேளையிற் கூடியிருந்து முன்னரே சொல்லிவிடுகிறார்கள். ஆபத்து வேளையில் தாதி செய்வது சொல்லியவாறு செய்தலே. ஆனால், இது அந்த வேளைதான் என்று அறிவது அவருடைய அறிவு.

நியமம் தாதிக்குக் காவலுமாகும். எழுதிய விதி இல்லாத இடத்தில், துணிந்து செய்த தாதியை ‘ஏன் செய்தாய்?’ என்பர், செய்யாது நின்றவரை ‘ஏன் நின்றாய்?’ என்பர். இரு பக்கமும் பழி உள்ள இடத்தில் மனிதர் ஒதுங்கி நிற்கவே கற்றுக்கொள்வர். தாதியர் அரை வைத்தியர் ஆகிவிடுவரோ என்று சிலர் ஐயுறுகின்றனர். எல்லை வரையறுத்த அதிகாரம் வைத்தியரின் அதிகாரத்தைக் குறைப்பதில்லை. வைத்தியர் வந்துசேரும் நேரத்தில் அவருக்குச் சிகிச்சை செய்ய உயிருள்ள நோயாளி ஒருவரை வைத்திருக்கிறது.

கல்வெட்டன்று

நியமம் ஒருமுறை எழுதினால் என்றும் நிற்கும் கல்வெட்டன்று. முன்னர் கூறிய நெடும் படுக்கையையே எடுத்துக்கொள்வோம். 1952 இல் லெவைன், லவுண் என்ற இரு வைத்தியர்கள் 81 நோயாளரைப் படுக்கையில் கிடத்தாமல் சாய்வான நாற்காலியில் இருத்திச் சிகிச்சை செய்து, அதனால் தீங்கில்லை, நன்மையே உண்டு என்று கண்டனர். அசையாதே என்ற பழைய விதி மெல்ல மெல்ல மறைந்தது.

அண்மைய உதாரணமும் உண்டு. மாரடைப்பு என்றவுடன் மூக்கில் ஒட்சிசன் குழாய் பொருத்துவது நெடுங்கால வழக்கம். 2017 இல் சுவீடன் நாட்டில் 6,629 பேரைக் கொண்டு செய்த ஆய்வு, குருதியில் ஒட்சிசன் போதிய அளவில் உள்ளவர்களுக்கு மேலதிகமாகக் கொடுப்பது உயிரைக் காப்பதற்கு உதவவில்லை என்று காட்டிற்று. ஒட்சிசன் அளவு குறைந்தவர்களுக்கே கொடுக்கவேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. ஆகவே, நியமத்தை எழுதுவோர் அதனை மீண்டும் பார்க்கும் நாளையும் அதிலேயே குறித்துவைத்தல் வேண்டும்.

நம் மண்ணின் மரபு

இவையெல்லாம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை, நமக்கு எட்டாதவை என்று எண்ணவேண்டியதில்லை. மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்த பெருமை இக்குடாநாட்டிற்கு உண்டு. 1847 இல் இங்கு வந்து மானிப்பாயில் வைத்தியம் புரிந்த டாக்டர் சாமுவேல் கிறீன், நம்மவரைத் தமிழிலேயே வைத்தியராகப் பயிற்றினார். அதற்கெனப் பெரு நூல்களை மொழிபெயர்ப்பித்தும் பதிப்பித்தும் வெளியிட்டார். ‘இரணவைத்தியம்’ 1867 இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இலும் வெளிவந்தன. கலைச்சொல் இல்லை என்று அவர் கைகட்டி இருக்கவில்லை, சொல்லை ஆக்கிக்கொண்டார். 1898 இல் இணுவிலில் மகளிருக்கும் குழந்தைகளுக்குமென மக்லியட் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. நம்மூர்ப் பெண்கள் அங்கே தாதிப் பயிற்சியும் பெற்றனர்.

கடலுக்கு அப்பாலும் இம்மரபின் கிளையொன்று உண்டு. 1820 ஆம் ஆண்டளவிற் பண்டத்தரிப்பில் வைத்தியம் புரியத் தொடங்கிய டாக்டர் ஜோன் ஸ்கடரின் பேர்த்தியே வேலூர் வைத்தியசாலையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார். அவர் 1909 இல் அங்கே தாதியர் பாடசாலையைத் தொடங்கினார். 1946 இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டம் வழங்கும் தாதியர் கல்லூரியாக உயர்ந்தது. 1949 இல் நெஞ்சு, இருதய சத்திர சிகிச்சைக்கெனத் தனிப் பிரிவு ஏற்பட்டது. 1961 இல் அங்கே திறந்த இருதய சத்திர சிகிச்சை நடைபெற்றது. இவ்வரிசையை மாணவர்கள் கவனித்தல் வேண்டும். கற்ற தாதியர் முதலில் வந்தனர். பெரிய சத்திர சிகிச்சை பின்னர் வந்தது.

இன்று யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் இருதய நோய்க்கெனத் தனிப் பிரிவு உண்டு; இருதய சத்திர சிகிச்சையும் நடைபெறுகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியியற் பட்டப்படிப்பு உண்டு. 1988 ஆம் ஆண்டின் தாதியர் சபைச் சட்டம் நாடு முழுவதிலும் தாதியரைப் பதிவுசெய்ய வழிவகுத்துள்ளது. அன்பில் நம் தாதியர் குறைந்தவர்கள் என்று எவரும் சொல்லார். 1987 ஒக்டோபர் 21, 22 ஆம் நாள்களில் யாழ்ப்பாண வைத்தியசாலையினுள் நடந்த துப்பாக்கிச் சூட்டில், நோயாளரோடு வைத்தியரும் தாதியரும் உயிர்நீத்தனர். நோயாளரை விட்டு அகலாது கடமையில் நின்றவர்கள் அவர்கள். 1990 ஐத் தொடர்ந்த ஆண்டுகளில், மின்சாரமும் மருந்தும் அரிதாயிருந்த காலத்தில், விளக்கொளியில் நோயாளரைப் பேணியவர்களும் தாதியரே. அவ்வாண்டுகளில் அவர்கள் கற்றது பெரிது. ஆனால் அதிற் பெரும்பகுதி அவரவர் நினைவிலேயே தங்கிவிட்டது. ஓய்வு பெறும்போது அவர்களுடனேயே வீட்டுக்குப் போய்விடுகிறது. எழுதிவைத்த நியமமே அதனை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும்.

‘அந்தரமாய்க் கிடக்கு’

வெளிநாட்டு நியமத்தை அப்படியே பெயர்த்து எழுதினால் என்ன நேரும் என்பதற்கு ஒரு சிறு சான்று காட்டலாம். நெஞ்சில் வலி உண்டா என்பது அங்குள்ள முதற் கேள்வி. நம்மூர் ஆச்சி ஒருவரிடம் இதனைக் கேட்டால், ‘இல்லைப் பிள்ளை, வலி ஒண்டும் இல்லை’ என்பார். சற்றுப் பொறுத்து, ‘ஒரே அந்தரமாய்க் கிடக்கு’ என்பார். ‘நெஞ்சு பாரமாய்க் கிடக்கு’, ‘ஏதோ இறுக்கிப் பிடிக்கிற மாதிரி’, ‘நாலடி நடந்தால் களைக்குது’, ‘சும்மா வேர்த்துக் கொட்டுது’ என்பன நம் மக்கள் மாரடைப்பைக் கூறும் மொழி. பெண்களிடத்தும், முதியவர்களிடத்தும், நீரிழிவு உள்ளவர்களிடத்தும் நெஞ்சுநோவு தெளிவாகத் தோன்றாமலே மாரடைப்பு நிகழ்வதுண்டு. ஆகவே, ‘அந்தரம்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும் என்று எழுதிய நியமமே யாழ்ப்பாணத்துக்கு உரிய நியமம். அதனை எழுத வல்லவர் இம்மக்களோடு நாள்தோறும் பேசும் தாதியரேயன்றி வேறு யார்?

மொழியைப் போலவே நில அமைப்பும் கருதற்பாலது. நெடுந்தீவில் ஒருவருக்கு மாரடைப்பு ஏற்பட்டால், அவர் கடல் கடந்து குறிகட்டுவான் வந்து, அங்கிருந்து தரைவழியே யாழ்ப்பாணம் சேரவேண்டும். கடல் கொந்தளிக்கும் நாளில் நிலைமையைச் சொல்லவேண்டியதில்லை. பட்டினத்து வைத்தியசாலைக்கு எழுதிய நியமம் தீவுக்குப் போதாது. படகேறுமுன் செய்யவேண்டியது எது, படகிற் கூடச் செல்பவர் யார், அவர் கையில் இருக்கவேண்டிய மருந்தும் கருவியும் எவை என்பதைத் தீவுக்கெனத் தனியே எழுதவேண்டும்.

எத்தனை பேர், எத்தகையோர்

நியமம் எழுதியபின் அதனைச் செய்ய ஆள் வேண்டும். 2002 இல் லிண்டா எய்க்கன் என்பவரும் குழுவினரும் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 வைத்தியசாலைகளை ஆராய்ந்தனர். சத்திர சிகிச்சை பெற்றவர்களைப் பேணும் தாதி ஒருவருக்கு மேலதிகமாக ஒரு நோயாளி சேரும்போதெல்லாம், அந்நோயாளர் ஒரு மாதத்துள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு கூடியதாகக் கண்டனர். 2014 இல் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் நிகழ்ந்த ஆய்வு, பட்டம் பெற்ற தாதியர் தொகை நூற்றுக்குப் பத்துக் கூடிய இடங்களில் மரண வாய்ப்பு நூற்றுக்கு ஏழு குறைந்திருந்தது என்றது. தொகையும் கல்வியும் ஆகிய இரண்டும் உயிரோடு தொடர்புடையன.

எல்லாத் தாதியரும் ஒரே படியினர் அல்லர் என்பதையும் நியமம் உணர்ந்திருத்தல் வேண்டும். பட்றீசியா பென்னர் என்ற அமெரிக்க அறிஞர் 1984 இல் வெளியிட்ட நூலில், தாதியின் வளர்ச்சியை ஐந்து படிகளாக வகுத்தார். புதியவர் விதியை எழுத்தெழுத்தாகப் பின்பற்றுவார். தேர்ந்தவரோ நோயாளியின் முகத்தைக் கண்டமாத்திரத்தில் ஏதோ பிழைக்கிறது என்று உணர்வார். சங்கீதம் கற்போர் முதலிற் சரளி வரிசையிலே பாடிப் பழகுவதை ஒத்தது இது. எப்படியில் உள்ளவர் மின்வரைபைத் தனியே வாசிக்கலாம், எப்படியில் உள்ளவர் மின்னதிர்ச்சி கொடுக்கலாம் என்று வரையறுத்து, ஆண்டுதோறும் சோதித்தல் வேண்டும்.

வீட்டார் கடமை

எத்துணைச் சிறந்த நியமமும் வைத்தியசாலை வாசலிலேயே தொடங்குகிறது. அவ்வாசலுக்கு நோயாளியைக் கொண்டு சேர்ப்பது வீட்டார் கடமை. ‘வாய்வுக் குத்தாக இருக்கும்’ என்று உள்ளியும் இஞ்சியும் கொடுத்து, விடியட்டும் என்று காத்திருக்கும் வழக்கத்தை நாம் கைவிடவேண்டும். 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2016 இல் தென்னிலங்கையில் தொடங்கிய இச்சேவை 2018 முதல் வடபகுதிக்கும் கிடைத்துள்ளது. நோயாளி அன்றாடம் எடுக்கும் குளிசைகளைக் கையோடு கொண்டு செல்லுங்கள். நோவு தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தாதி கேட்கும் முதற் கேள்விகளுள் அதுவும் ஒன்றாயிருக்கும். வாட்டில், கட்டிலைச் சூழ்ந்து நின்று வழியை மறிக்காதீர்கள்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. நினைவிழந்து மூச்சின்றி வீழ்ந்தவரின் நடுமார்பில் இரு கைகளையும் ஊன்றி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்றிமீற்றர் ஆழத்துக்கு அழுத்தும் முறையை ஒரு பிற்பகலிலேயே கற்றுவிடலாம். அதனைக் கற்பிக்க வல்ல தாதியர் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்; பாடசாலைக்கு அழையுங்கள். உங்களுட் சிலர் அத்தொழிலையே தேர்ந்துகொள்வீர்களாயின், ஆணாயினும் பெண்ணாயினும், டாக்டராக முடியாதவர்க்குக் கிடைக்கும் இரண்டாம் இடம் என்று கருதி அதிற் புகாதீர்கள். வள்ளுவர் வகுத்த நான்கு கூறுகளுள் ஒன்று இல்லாவிடினும் மருத்துவம் இல்லை.

நியமம் வகுப்பதற்கு மாநாடும் மண்டபமும் வேண்டுவதில்லை. அனுபவம் மிக்க தாதியர் சிலர், இருதய வைத்தியர் ஒருவர், தாதியியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், நல்ல தமிழ் அறிந்தவர் ஒருவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தாற் போதும். நெஞ்சு பாரத்தோடு வருபவருக்கு முதற் பத்து நிமிடத்தில் யார் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதட்டும். ஒரு மாதம் அதன்படி செய்து பார்க்கட்டும். எத்தனை பேருக்குப் பத்து நிமிடத்துள் ஈ.சி.ஜி. எடுக்கப்பட்டது என்று எண்ணட்டும். எங்கே தாமதம் என்று கண்டு, தாளைத் திருத்தி எழுதட்டும். இரண்டாம் தாள் தானே வந்துசேரும்.